முட்டி வலியோட ஜோஷுவா ட்ரீ பாறைக்காட்டுல நடக்கலாமா?

கும்பகோணத்துலேருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையன் லாஸ் ஏஞ்சலஸ்ல வேலை பாக்குறான், வர்ற பிப்ரவரில நாங்க ரெண்டு பேரும் போறோம், எனக்கு 58 வயசு, வீட்டுக்காரருக்கு 64, அவருக்கு முட்டி வலி இருக்கு, பையன் ஜோஷுவா ட்ரீன்னு ஒரு பாலைவனத்துக்கு கூட்டிட்டுப் போறேங்குறான், ஒரே பாறையா இருக்குமாமே, நம்மால நடக்க முடியுமா, பேசாம வேணாம்னு சொல்லிடவா, இதான் கேள்வி.

வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்கமா. நான் மன்னார்குடி பக்கம், முப்பது வருஷத்துக்கு மேல ஸ்கூல்ல ஜியாகிரபி எடுத்து ரிட்டயர் ஆனவ, பொண்ணு ரிவர்சைட்ல இருக்கா, அவ புண்ணியத்துல அந்த எடத்துக்கு மூணு தடவை போயிருக்கேன். கடைசியா போனப்ப எனக்கு 66, எங்க வீட்டுக்காரருக்கு 70, அவருக்கும் முட்டி சரியில்ல. ரெண்டு பேரும் நடந்தோம். அதனால தைரியமா சொல்றேன், போங்க, ஆனா எந்த ட்ரெயில்ல, அதாவது எந்த நடைபாதைல போறதுன்னு பையன்கிட்ட இப்பவே பேசி முடிவு பண்ணிக்கோங்க, ஏன்னா சின்னப் பசங்க "சின்ன நடைதான்மா"ன்னு சொல்றதும் நமக்கு சின்ன நடைங்கறதும் வேற வேற.

உங்களுக்கு ஏத்தது ஹிட்டன் வேலிங்கற ட்ரெயில். ஒரு மைல் சுத்து, அதாவது ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, கிளம்புன எடத்துக்கே வந்து சேந்துடும். மகாமகக் குளத்தை ரெண்டு மூணு தரம் சுத்துனா எவ்ளோவோ அவ்ளோ தூரம்தான் இருக்கும்னு வச்சுக்கோங்களேன். ஆரம்பத்துல மட்டும் கொஞ்சம் மேடு, கல்லுலயே படி மாதிரி போட்டிருப்பாங்க, ரெண்டு பெரிய பாறைக்கு நடுவுல ஒரு சந்து வழியா உள்ள நுழையணும், அதைத் தாண்டிட்டா சுத்திலும் பாறை மதில் மாதிரி நிக்க நடுவுல சமதரையா ஒரு கிண்ணம் மாதிரி எடம், நம்ம பெரிய கோயில் பிரகாரத்துக்குள்ள நுழைஞ்சப்ப வருமே ஒரு அமைதி, அது. அந்தக் காலத்துல மாடு திருடுறவங்க திருடுன மாட்டை இதுக்குள்ள கொண்டுவந்து ஒளிச்சு வச்சாங்கன்னு அங்க ஒரு பேச்சு உண்டு, அதுக்கப்புறம் பில் கீஸ்னு அந்தப் பக்கம் குடியிருந்த ஒரு மாட்டுக்காரர் வெடி வச்சு வழியைத் தொறந்தாராம். உள்ள போனதும் மணல் பாதைதான், அங்கங்க நாலு படி, அங்கங்க கல்லைச் சுத்திப் போகணும், செடிகொடி பேர் எழுதின பலகை வச்சிருக்காங்க. பாறைமேல ஏற வேண்டிய அவசியமே இல்ல. நாங்க நின்னு உக்காந்து படம் எடுத்துன்னு ஒன்றரை மணி நேரம் ஆக்குனோம், சாதாரணமா போறவங்க 45 நிமிஷத்துல முடிச்சிடுறாங்க. சுத்தி நிக்குற பாறைல கயிறு கட்டி ஏறுற பசங்களைப் பாக்கலாம், உலகத்துல பாறை ஏறுறவங்களுக்கு அது ரொம்பப் பேர்போன எடம்.

அதுவும் முடியாதுன்னு அவருக்குத் தோணுச்சுன்னா கேப் ராக்னு இருக்கு, அரை மைல்கூட கிடையாது, வீல்சேர் போற மாதிரி சமமா போட்ட பாதை. பாறையும் அதே பாறைதான். அதுல ஒண்ணும் குறைச்சலே இல்ல.

இப்ப பாறையைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், இதைத் தெரிஞ்சுக்காம போனா "ஏதோ கல்லு அடுக்கி வச்சிருக்கு"ன்னு பாத்துட்டு வந்துடுவோம். நாம டெல்டாக்காரங்க, நம்ம மண்ணுல கல்லே கிடையாது. எங்க வீட்டுல கிணறு தோண்டுனப்ப முப்பது அடி வரைக்கும் களிமண்ணு, மணலு, திரும்பக் களிமண்ணு, ஒரு கூழாங்கல்லுகூட வரல. நம்ம ஊர்ல அம்மியோ ஆட்டுக்கல்லோ கோயில் தூணோ எல்லாமே வெளியூர்லேருந்து வண்டில வந்தது, 1010ல கும்பாபிஷேகம் ஆன தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குக்கூட அவ்ளோ கருங்கல்லும் வெளியிலேருந்து இழுத்துட்டு வந்ததுதான். அதனால நமக்கு கல்லுன்னா மனுஷன் வெட்டி மனுஷன் அடுக்குனது. அங்க போய் அந்தப் பாறைங்களைப் பாத்ததும் எனக்கு முதல்ல தோணுனது, யாரு இதைத் தூக்கி வச்சாங்க? வீடு சைஸ் கல்லு மேல வண்டி சைஸ் கல்லு, அதுமேல பூசணிக்கா மாதிரி உருண்டையா ஒண்ணு, விழுந்துடுமோன்னு பாக்குறப்பவே நெஞ்சு அடிச்சுக்கும்.

யாரும் வைக்கல. அது நம்ம கருங்கல்லுக்குச் சொந்தக்காரக் கல்லு, மான்சோகிரானைட்னு பேரு. பத்து கோடி வருஷம் வாக்குல பூமிக்கு அடில குழம்பா இருந்தது மேல வராமலே உள்ளயே ஆறி இறுகிடுச்சு. அதுக்கு மேல மைல் கணக்குல இருந்த வேற பாறை தேஞ்சு தேஞ்சு போகப் போக, அமுக்கிட்டிருந்த பாரம் கொறைஞ்சு இதுல படுக்கை வாட்டத்துல விரிசல் விட்டுச்சு. ஏற்கனவே நிக்குற வாட்டத்துல ரெண்டு திசைல விரிசல் இருந்துச்சு, ஒண்ணை ஒண்ணு குறுக்க வெட்டுற மாதிரி. மூணு பக்கமும் விரிசல் விட்டா என்ன ஆகும், செங்கல் செங்கல்லா கட்டம் பிரிஞ்சிடும். இவ்ளோவும் மண்ணுக்கு அடிலயே நடக்குது, வெளில யாருக்கும் தெரியாது. அப்ப அந்தப் பக்கம் இப்ப மாதிரி காஞ்சு கிடக்கல, மழை இருந்துச்சு, அந்தத் தண்ணி கீழ எறங்கி விரிசல்ல பூந்து பூந்து கல்லை அரிச்சுது. கல்கண்டைத் தண்ணில போட்டா முதல்ல முனைதானே கரையும், ஒரு முனைக்கு மூணு பக்கமும் தண்ணி படுதுல்ல, அதே மாதிரி சதுரக் கல்லெல்லாம் மூலை மழுங்கி உருண்டை ஆச்சு. அப்புறம் நாடு காஞ்சு, செடிகொடி கொறைஞ்சு, எப்பயாவது பேயுற மழைல திடீர் வெள்ளம் வந்து சுத்தி இருந்த மண்ணை அடிச்சுட்டுப் போக, உள்ள இருந்த உருண்டைங்க அப்படியே ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்துடுச்சு. அதாவது மேல வச்ச மாதிரி தெரியுற கல்லு எங்கேருந்தும் வந்து வைக்கப்பட்டது இல்ல, அது இருந்த எடத்துலயே இருக்கு, சுத்தி இருந்ததுதான் போயிடுச்சு.

இன்னொண்ணையும் அங்க நின்னு யோசிச்சுப் பாருங்கமா. தண்ணி பட்ட கருங்கல்லுல இருக்குற ஃபெல்ட்ஸ்பார்ங்கற தாது களிமண்ணா மாறிடும், குவார்ட்ஸ் மட்டும் மாறாம மணலா உதிரும். அந்தப் பாறைக்கு அடில குனிஞ்சு பாத்தீங்கன்னா கல்கண்டுத் தூள் மாதிரி முனை முனையா ஒரு கொரகொரப்பு மணல் கிடக்கும், அது அந்தப் பாறையோட உதிர்ந்த உடம்புதான். நம்ம வயல்ல இருக்குற வண்டலும் இதே கதைதான், குடகு மலைலயும் மைசூர் பக்கத்துலயும் இருக்குற பாறை இப்படி அழுகி அழுகி, ஆறு அதைத் தூக்கிட்டு வந்து 800 கிலோமீட்டர் தள்ளி நம்மகிட்ட இறக்கி வச்சது. அவங்ககிட்ட எலும்பு மட்டும் நிக்குது, நம்மகிட்ட சதை வந்து சேந்திருக்கு. முப்பது வருஷம் கரும்பலகைல "பாறைச் சிதைவு"ன்னு எழுதிப் போட்டுப் பாடம் எடுத்திருக்கேன், அந்த மணலைக் கைல எடுத்துப் பாத்தப்பதான் எனக்கே அது முழுசா உள்ள எறங்குச்சு. எடுத்துட்டு அங்கேயே போட்டுடணும், கல்லோ மணலோ செடியோ எதையும் எடுத்துட்டு வரக்கூடாது, அது நேஷனல் பார்க்.

சரி, பயப்பட வேண்டியது எதுக்குன்னு சொல்றேன். தூரத்துக்கும் இல்ல, மேட்டுக்கும் இல்ல. தண்ணிக்கு.

நம்ம ஊர்ல வேர்த்தா தெரியும், ஜாக்கெட் நனையும், முகம் வழியும், உடனே சொம்பைத் தூக்குவோம். அங்க காத்துல ஈரமே கிடையாது, வேர்வை வர வர காஞ்சுடும், தோலைத் தொட்டா உலர்ந்து இருக்கும், பிப்ரவரில குளுகுளுன்னும் இருக்கும், தாகமே எடுக்காது. ஆனா உடம்புலேருந்து தண்ணி போயிட்டேதான் இருக்கும். முதல் தடவை நான் அப்படித்தான் ஏமாந்தேன், ரெண்டு மணி நேரம் ஒரு வாய் தண்ணி குடிக்கல, சாயங்காலம் தலைவலி மண்டையைப் பொளந்துச்சு, உதடு வெடிச்சு, மூக்குல லேசா ரத்தம். அதனால தாகம் எடுக்குதோ இல்லையோ கால் மணிக்கு ஒரு தரம் நாலு மடக்கு குடிக்கணும், ஒருத்தர் மறந்தா இன்னொருத்தர் ஞாபகப்படுத்தணும். ஒரு நாளைக்கு ஆளுக்கு 4 லிட்டர்னு கணக்கு, இதைப் பார்க்காரங்களே சொல்றாங்க. நடக்குறப்ப கைல ஆளுக்கு ஒரு லிட்டர், மிச்சம் கார்ல. பார்க்குக்கு உள்ள நான் சொல்ற இந்த ட்ரெயில்ங்க பக்கத்துல குடிதண்ணி குழாய் கிடையாது, கடையும் கிடையாது, நுழையறதுக்கு முன்னாடியே ஜோஷுவா ட்ரீ ஊர்லயோ ட்வென்டிநைன் பாம்ஸ் ஊர்லயோ வாங்கிக்கணும். பார்க்கிங்ல டாய்லெட் இருக்கு, ஆனா அதுலயும் தண்ணி இருக்காது, குழி டாய்லெட்தான், அதுக்குன்னு தனியா ஒரு பாட்டில் எடுத்துக்கோங்க, இதை யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. வீட்டுக்காரர் பிரஷருக்கோ சுகருக்கோ மாத்திரை சாப்பிடுறாருன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

சாப்பாட்டுக்கு புளியோதரை கட்டிட்டுப் போங்க, உப்பும் உள்ள போகும், கெடாது. ஹிட்டன் வேலி பக்கத்துலயே மேஜை பெஞ்சு போட்ட பிக்னிக் எடம் இருக்கு. அணில் வந்து பக்கத்துல நிக்கும், பாவமா பாக்கும், ஒரு பருக்கைகூட போடாதீங்க, மனுஷச் சாப்பாட்டுக்குப் பழகுன பிராணி அங்க தானா பொழைக்கத் தெரியாம போயிடும், தோலு குப்பை எல்லாம் பையில போட்டு திரும்பக் கொண்டுவந்துடணும். வழில ஆமை தென்பட்டா தூக்கவே தூக்காதீங்க, அந்தப் பாலைவன ஆமை உடம்புக்குள்ள தண்ணி சேத்து வச்சிருக்கும், பயந்தா அவ்ளோவையும் வெளிய விட்டுடும், அப்புறம் அடுத்த மழை வரைக்கும் அது உசுரோட இருக்குறதே கஷ்டம். பிப்ரவரில அது பெரும்பாலும் வளைலதான் கிடக்கும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ரெண்டாவது, வழி. நம்ம பக்கம் எங்க போனாலும் ஒரு கோபுரம் தெரியும், ஒரு பனமரம் தெரியும், வாய்க்கால் கரையப் புடிச்சு நடந்தா ஏதாவது ஒரு ஊரு வந்துடும். அங்க அப்படி இல்ல. எந்தப் பக்கம் பாத்தாலும் அதே கலர்ல அதே உருண்டைப் பாறை. ரெண்டாவது தடவை ஸ்கல் ராக்னு ஒரு எடம், மண்டையோடு மாதிரியே ஒரு பாறை ரோட்டோரத்துலயே இருக்கு, மழைத்தண்ணி சின்னக் குழில தேங்கித் தேங்கி அரிச்சு ரெண்டு கண்ணு மாதிரி ஆகியிருக்கு, அதுலேருந்து 1.7 மைல் ஒரு சுத்துப் பாதை போகுது. பொண்ணு முன்னாடி போயிட்டா, நான் மணல்ல கால் தடம் பாத்துப் போனேன், அது ட்ரெயில் இல்ல, பாறை ஏறுற பசங்க போன தடம், காஞ்ச ஓடை மாதிரி ஒரு எடத்துல போய் நின்னுடுச்சு. திரும்பிப் பாத்தா வந்த வழியே அடையாளம் தெரியல. போன்ல சிக்னல் கிடையாது. நான் நின்ன எடத்தைவிட்டு நகராம உக்காந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், இருபது நிமிஷம் கழிச்சு அவ கேட்டுட்டு வந்தா. ரோடு அங்கேருந்து எரநூறு அடிகூட இல்ல, அதுதான் எனக்கு இன்னிக்கும் நடுக்கம், அவ்ளோ பக்கத்துல ரோட்டை வச்சுக்கிட்டு ஒருத்தி தொலைஞ்சு போக முடியும். அதனால கூட்டத்தை விட்டுப் பிரியக்கூடாது, அம்பது அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பாத்து வந்த வழி பின்னாலேருந்து எப்படித் தெரியுதுன்னு மனசுல வாங்கிக்கணும், வழி தப்பிட்டா நடக்காம உக்காந்துடணும், ஆளுக்கு ஒரு விசில் கழுத்துல. மேப்பை பையன் முன்னாடியே போன்ல டவுன்லோட் பண்ணி வச்சுக்கட்டும், உள்ள போனப்புறம் ஒண்ணும் எறங்காது.

மூணாவது பாறை ஏறுறது. ஏறச் சொல்லும் அந்தப் பாறை, உண்மையாவே சொல்லும், சொரசொரன்னு இருக்குறதால செருப்புக்கே நல்லா புடிச்சுக்கும், நாலு எட்டு வச்சா மேல. இறங்குறதுதான் வராது. எங்க வீட்டுக்காரர் படம் எடுக்குறேன்னு ஒரு ஆள் உசரம்தான் ஏறுனாரு, இறங்கப் பாத்தா முட்டி மடங்கல, ரெண்டு வழிப்போக்கப் பசங்க வந்து கைத்தாங்கலா இறக்கி விட்டாங்க, கை முட்டி ரெண்டும் சிராய்ச்சு வீட்டுக்கு வந்தோம். முட்டி வலி இருக்குறவரு தரைலயே நின்னு பாக்கட்டும், கீழேருந்து பாத்தாதான் அழகும்.

டிரஸ் விஷயம், புடவை வேணாம்மா. நான் முதல் தடவை புடவைல போனேன், அங்க ஒரு புதர் இருக்கு, நம்ம இண்டமுள்ளு மாதிரியே பின்னால வளைஞ்ச முள்ளு, முந்தானையைப் புடிச்சா விடாது. சுடிதாரோ பேன்ட்டோ, அடில நல்லா பிடிமானம் இருக்குற ஷூ, தொப்பி, மேல ஒரு ஸ்வெட்டர். அந்த எடம் 4000 அடி உசரம், ஏற்காட்டைவிடக் கொஞ்சம் கம்மி, பிப்ரவரில பகல்ல 15 டிகிரி வாக்குல இருக்கும், வெயில்ல இதமா இருக்கும், பொழுது சாஞ்சா ஒரேயடியா எறங்கி ராத்திரி உறையுற குளிராயிடும். ஆனா நீங்க போற மாசம் நல்ல மாசம். கோடைல 38 டிகிரிக்கு மேல போகும், அந்தச் சமயத்துல யார் கூப்பிட்டாலும் நடக்கப் போகாதீங்க.

அந்த மரத்தைப் பத்தி சொல்லாம விட்டுட்டேன் பாருங்க, பார்க்குக்கே அதோட பேருதானே. ஆத்தோரத் தாழம்புதர் ஒண்ணு மரமா நிமிந்து நின்னு கையை விரிச்சா எப்படி இருக்கும், அதான் ஜோஷுவா மரம். மரம்னு சொல்றோமே தவிர கத்தாழைக்குத்தான் சொந்தம், உள்ள வயசு வளையம் இருக்காது. வெள்ளையா கொத்துக் கொத்தா பூக்கும், பிப்ரவரி கடைசில போனீங்கன்னா அங்கங்க பாக்கக் கிடைக்கலாம். ஒரே ஒரு வகை சின்ன அந்துப்பூச்சிதான் அதுக்கு மகரந்தம் சேக்குது, பூவுக்குள்ள முட்டை வச்சுட்டு தானே மகரந்தத்தை எடுத்து அமுக்கி வச்சுட்டுப் போகும், அந்தப் பூச்சியோட புழு கொஞ்சம் விதையைத் தின்னும், மிச்சம் மரத்துக்கு. இந்த மரமும் பாறையும் ஒருத்தரும் கொள்ளையடிச்சுட்டுப் போகாம நிக்குறதுக்கு மினர்வா ஹோய்ட்னு ஒரு அம்மா வருஷக்கணக்கா போராடியிருக்காங்க, 1936ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதைப் பாதுகாக்கப்பட்ட எடமா அறிவிச்சாரு, 1994ல நேஷனல் பார்க் ஆச்சு. 

நேரமும் தெம்பும் இருந்தா பார்க்கர் டேமும் (Barker Dam) பாருங்க, ஹிட்டன் வேலிலேருந்து கார்ல கொஞ்ச தூரம்தான், 1.1 மைல் சுத்து, அதுவும் பெரும்பாலும் சமதரை. 1900 வாக்குல மாடு மேய்ச்சவங்க பாறை இடுக்குல சின்னதா ஒரு அணை கட்டி மழைத்தண்ணியைத் தேக்கியிருக்காங்க, அப்புறம் அந்த பில் கீஸ் அதை இன்னும் உசத்திக் கட்டுனாரு. கல்லணையைப் பாத்து வளந்த நமக்கு அது ஒரு மதகுக் கட்டை அளவுதான் தெரியும், ஆனா வருஷத்துக்கு நாலஞ்சு அங்குலம் மழை பெய்யுற ஊர்ல, நமக்கு ஐப்பசி கார்த்திகைல ஒரு புயல் வந்தா ஒரே நாள்ல கொட்டிட்டுப் போற அளவு அது, அதை வச்சு வருஷம் பூரா மாட்டுக்குத் தண்ணி காட்டியிருக்காங்கன்னு நினைச்சா கை எடுத்துக் கும்பிடத் தோணுச்சு. நான் போன மூணு தடவைல ரெண்டு தடவை வறண்டுதான் கிடந்துச்சு, ஒரு தடவை மட்டும் தண்ணி நின்னு பாறையோட நிழல் அதுல விழுந்துச்சு. சோயா (Cholla) கேக்டஸ் தோட்டம்னு ஒண்ணு இருக்கு, முள்ளுக் கள்ளி, அதை கார்ல இருந்தே பாத்துக்கோங்க, லேசா உரசுனா போதும் கணு கணுவா ஒடிஞ்சு வந்து ஒட்டிக்கும், கையால புடுங்கப் போனா கைலயும் ஏறும், ரெண்டு சீப்பு வச்சுத்தான் எடுக்கணும்.

லாஸ் ஏஞ்சலஸ்லேருந்து 140 மைல் வாக்குல, நிறுத்தி நிறுத்திப் போனா மூணு மணி நேரம். சனி ஞாயிறு வேணாம், கேட்லயே வண்டி வரிசை நிக்கும், பார்க்கிங்கும் கிடைக்காது, பையனை ஒரு நாள் லீவு போடச் சொல்லி வார நாள்ல காலைல ஒன்பது மணிக்குள்ள கேட்டுக்குள்ள நுழைஞ்சிடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்கமா. தஞ்சாவூர் தாண்டி புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல் இருக்குல்ல, ஒரு நாள் காலைல அவரைக் கூட்டிட்டுப் போங்க, அங்கயும் கருங்கல் பாறைதான், பாறைல வெட்டுன படி, ஏத்தம் இறக்கம் எல்லாம் இருக்கு, சொல்லப்போனா ஹிட்டன் வேலியைவிட அதுதான் செங்குத்து. கடையில வாங்குற ஷூவை அங்கேயே போட்டு நடந்து பழகிடட்டும், புது ஷூவோட நேரா அமெரிக்காவுல நடக்கக்கூடாது. இறங்குறப்ப முட்டி எப்படி இருக்கு, மறுநாள் காலைல வீக்கம் இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க, அதை வச்சு ஹிட்டன் வேலியா கேப் ராக்கான்னு முடிவு பண்ணிக்கலாம்.